இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்பில் லினக்ஸ்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்கள் சொல்லும் புகார்கள் பலவிதம். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது, கேம் திணறுகிறது, வெளி மானிட்டர் தெரியவில்லை, மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் போய் முடிகின்றன: இந்த நிமிடத்தில் தனிக் கார்டு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? அது தெரியாமல் எந்த செட்டிங்கை மாற்றினாலும் இருட்டில் துழாவுவதுதான்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ்தான் வழக்கமாக டெஸ்க்டாப்பை வரைகிறது. என்விடியா அல்லது ஏஎம்டியின் தனிக் கார்டு, கூப்பிட்டால் மட்டும் எழுந்து வேலை செய்ய வேண்டியது. பெரும்பாலான மாடல்களில் லேப்டாப் திரையின் இணைப்பு உள் கிராபிக்ஸோடு மட்டும்தான். தனிக் கார்டு வரைந்த காட்சியை உள் கிராபிக்ஸ் வாங்கித் திரைக்கு அனுப்புகிறது. என்விடியா 2010-இல் ஆப்டிமஸ் என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்தக் காலத்தில் லினக்ஸில் இதற்கு பம்பிள்பீ, பிபிஸ்விட்ச் போன்ற கருவிகள் தேவைப்பட்டன. இன்று கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவருமே அந்த வேலையைச் செய்கின்றன. தேடினால் இன்னும் பம்பிள்பீ வழிமுறைகள் முதலில் வந்து நிற்கும். புதிய லேப்டாப்பில் அவற்றைப் பின்பற்ற வேண்டாம், நன்றாக இருப்பதையும் அவை கெடுக்கும்.

கட்டளை, கோப்புப் பெயர்களை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான எழுத்தில் அடியுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை ஒருமுறை ஓட்டி, தனிக் கார்டின் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 01:00.0 என்று இருக்கும். அதன்பின் அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டாதீர்கள். கார்டின் கான்ஃபிகரேஷன் பகுதியைப் படிக்கும்போது எல்எஸ்பிசிஐயே தூங்கும் கார்டை எழுப்பிவிடும். கார்டின் நிலையைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ'யும் அப்படித்தான். அதை ஓட்டிப் பார்த்து "கார்டு விழித்தே இருக்கிறது" என்று முடிவு கட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எழுப்பியதே அந்தக் கட்டளைதான்.

எழுப்பாமல் பார்க்க, கெர்னல் தரும் கோப்புகளைப் படித்தால் போதும். அரை நிமிடம் காத்திருந்து, /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:01:00.0/பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ் என்ற கோப்பை 'கேட்' கட்டளையால் திறவுங்கள். 'சஸ்பெண்டட்' என்றால் தூங்குகிறது; 'ஆக்டிவ்' என்றால் விழித்திருக்கிறது. பக்கத்திலேயே உள்ள 'கன்ட்ரோல்' கோப்பு, தூங்க அனுமதி உண்டா என்பதைச் சொல்லும்: 'ஆட்டோ' என்றால் உண்டு, 'ஆன்' என்றால் இல்லை. ஒரு படி மேலே 'பவர்_ஸ்டேட்' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் டி0 என்றால் முழு விழிப்பு. டி3ஹாட் என்றால் தூக்கம், ஆனால் மின்சாரம் இன்னும் அறுபடவில்லை. டி3கோல்ட்தான் நாம் விரும்புவது. கார்டுக்குப் போகும் மின்சாரமே நின்றிருக்கும்.

இன்னொரு எண்ணும் வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரை வெளிச்சத்தை மாற்றாமல், எதையும் தொடாமல் சில நிமிடம் விட்டு /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/பவர்_நவ் கோப்பைப் பாருங்கள். அது மைக்ரோவாட்டில் இருக்கும். பத்து லட்சத்தால் வகுத்தால் வாட். அந்தக் கோப்பு இல்லாத மாடல்களில் கரன்ட்_நவ், வோல்டேஜ்_நவ் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் ஆம்பியர், வோல்ட் ஆக்கிப் பெருக்கிக்கொள்ளலாம். தனிக் கார்டு தூங்கும் லேப்டாப் சும்மா இருக்கும்போது பொதுவாக 5 முதல் 10 வாட்டுக்குள் நிற்கும். கார்டு விழித்திருந்தால் அதன்மேல் பல வாட் ஏறும். இந்த எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். கீழே எதை மாற்றினாலும், மாறியதா இல்லையா என்பதை இதுதான் சொல்லும்.

அறிகுறி: சும்மா இருக்கும்போதே பேட்டரி தீர்கிறது, ரன்டைம்_ஸ்டேட்டஸ் 'ஆக்டிவ்' என்கிறது

முதலில் 'கன்ட்ரோல்' கோப்பைப் பாருங்கள். 'ஆன்' என்று இருந்தால் கார்டுக்குத் தூங்க அனுமதியே தரப்படவில்லை. ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) அதில் 'ஆட்டோ' என்று எழுதிச் சோதியுங்கள். சில நொடிகளில் 'சஸ்பெண்டட்' ஆகிவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. இனி அதை ஒவ்வொரு பூட்டிலும் தானாக நடக்கும்படி யூடெவ் விதியாக (சாதனம் தெரிந்ததும் தானாகச் செயல்படும் விதி) எழுத வேண்டும். பல டிஸ்ட்ரோக்களின் என்விடியா பேக்கேஜிலேயே அந்த விதி இருக்கும். புதிதாக எழுதும் முன் யூடெவ் விதிகளின் ஃபோல்டரில் தேடிப் பாருங்கள்.

அனுமதி கொடுத்தும் தூங்கவில்லை என்றால் கார்டின் தலைமுறையைப் பார்க்க வேண்டும். என்விடியாவில் டூரிங் தலைமுறை, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்துதான் அந்நிறுவனத்தின் டிரைவர் கார்டைத் தானாகத் தூங்க வைக்கும். ஆர்டிஎக்ஸ் 30 முதல் இது பெரும்பாலும் இயல்பாகவே இயங்கியிருக்கும். டூரிங்கில் நாம்தான் சொல்ல வேண்டும்: மோட்புரோப்.டி ஃபோல்டரில் ஒரு கோப்பு வைத்து, என்விடியா மாட்யூலுக்கு (கெர்னலில் ஏறும் டிரைவர் பகுதி) 'என்விரெக்_டைனமிக்பவர்மேனேஜ்மென்ட்' என்ற விருப்பத்தை 2 என்று கொடுங்கள். அதன்பின் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்க பூட் கோப்பைப் புதுப்பியுங்கள் (டெபியன், உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்', ஃபெடோராவில் 'டிராகட்', ஆர்ச்சில் 'எம்கேஇனிட்சிபிஐஓ'). பிறகு ரீபூட். இந்தப் புதுப்பிக்கும் படியை விட்டுவிட்டால் பழைய செட்டிங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

பலித்ததா என்று /பிராக்/டிரைவர்/என்விடியா/ஜிபியூஸ் ஃபோல்டரில், கார்டின் முகவரிக்குக் கீழே உள்ள 'பவர்' கோப்பு சொல்லும். 'ரன்டைம் டி3 ஸ்டேட்டஸ்' என்ற வரியில் 'எனேபிள்ட்', அடைப்பில் 'ஃபைன்-கிரெய்ண்ட்' என்று வர வேண்டும். 'நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் ஒன்று கார்டு பழையது, அல்லது லேப்டாப்பின் பயாஸ் அதற்கு வேண்டிய ஏசிபிஐ (மின்சார நிர்வாக) வசதியைத் தரவில்லை. இரண்டாவதற்கு பயாஸ் அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர நம் கையில் அதிகம் இல்லை.

பாஸ்கல், மேக்ஸ்வெல் போன்ற பழைய கார்டு உள்ளவர்கள் தானாகத் தூங்கும் வசதிக்காக மல்லுக்கட்ட வேண்டாம். தனிக் கார்டு தேவைப்படாத நாட்களில் உள் கிராபிக்ஸ் மட்டும் ஓடும் நிலைக்கு மாறிக்கொள்வதே அவர்களுக்கு நல்லது. உபுண்டுவில் 'பிரைம்-செலக்ட் இன்டெல்', மற்ற இடங்களில் 'என்விகன்ட்ரோல்' கருவியின் 'இன்டக்ரேட்டட்' நிலை. ரீபூட் தேவைப்படும்; பொறுத்துக்கொள்ளலாம், பேட்டரியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்தால் (ஏறவிடாமல் தடுத்தால்) கார்டு அணைந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் போதாது. டிரைவர் இல்லாத கார்டு, 'கன்ட்ரோல்' கோப்பு 'ஆன்' என்று இருக்கும்வரை டி0 நிலையிலேயே மின்சாரம் குடித்துக்கொண்டு நிற்கும்; அதைக் கவனிக்கவும் ஆள் இல்லை. மேலே சொன்ன கருவிகள் டிரைவரைத் தடுப்பதோடு கார்டையும் பஸ்ஸிலிருந்து நீக்கி அல்லது தூங்க அனுமதித்து மீதி வேலையையும் முடிக்கின்றன. கையால் பிளாக்லிஸ்ட் மட்டும் எழுதியவர்களுக்குத்தான் பேட்டரி முன்பைவிட மோசமாவது.

அடுத்து, கார்டின் கூடப்பிறந்தவர்கள். 01:00.0 கிராபிக்ஸ் என்றால் 01:00.1 அதே கார்டின் எச்டிஎம்ஐ ஆடியோ. டூரிங் கார்டுகள் சிலவற்றில் 01:00.2, 01:00.3 என்று யூஎஸ்பி-சிக்கான பகுதிகளும் உண்டு. இவை எல்லாம் தூங்கினால்தான் கார்டின் மின்சாரம் அறுபடும். ஒன்று விழித்திருந்தாலும் மற்றவை காத்திருக்கும். ஒவ்வொன்றின் 'கன்ட்ரோல்' கோப்பும் 'ஆட்டோ'வாக இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கிராபிக்ஸ் பகுதி சரியாக இருந்தும் பேட்டரி குறையும் லேப்டாப்புகளில் ஆடியோ பகுதிதான் அடிக்கடி மாட்டுகிறது.

இவை எல்லாம் சரி, கார்டு தூங்குகிறது, ஆனால் சில நொடிக்கு ஒருமுறை எழுகிறது என்றால் எழுப்புவது யார் என்று தேட வேண்டும். சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் கண்காணிப்புக் கருவிதான். டெஸ்க்டாப் பேனலில் வெப்பநிலை காட்டும் விட்ஜெட், காங்க்கி, என்வி-டாப் போன்றவை கார்டைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கும்போதெல்லாம் அது எழும். பேட்டரி மிச்சமாகிறதா என்று பார்க்க வைத்த விட்ஜெட்டே பேட்டரியைத் தின்பது மிகச் சகஜம். அவற்றை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பிறகு ரூட்டாக 'ஃபியூசர் -வி' கட்டளையை /டெவ்/என்விடியா0 கோப்பின்மேல் ஓட்டுங்கள். யார் யார் கார்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். அதில் எக்ஸ்ஆர்க் (திரையை நடத்தும் நிரல்) அல்லது டெஸ்க்டாப் ஷெல் இருந்தால் உடனே பதற வேண்டாம். ஃபைன்-கிரெய்ண்ட் நிலையில், திறந்து வைத்திருப்பது மட்டும் தூக்கத்தைக் கெடுக்காது. வேலை கொடுத்தால்தான் கெடுக்கும். எக்ஸ்ஆர்க் சில எம்பி நினைவகத்தைப் பிடித்திருப்பதும் பொருட்டல்ல. பயன்பாட்டில் உள்ள வீடியோ நினைவகம் 200 எம்பிக்குக் கீழே இருந்தால் டிரைவர் அதை ராமுக்கு நகர்த்திவிட்டு வீடியோ நினைவகத்தையே அணைத்துவிடும். 200 என்பது இயல்பான வரம்பு.

பட்டியலில் பிரவுசர், எடிட்டர் மாதிரி சாதாரண நிரல்கள் வந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நிரல் இஜிஎல் என்ற இடைமுகம் வழியாக கிராபிக்ஸைத் தொடங்கும்போது, /யூஎஸ்ஆர்/ஷேர்/ஜிஎல்விஎன்டி/இஜிஎல்_வெண்டர்.டி ஃபோல்டரில் உள்ள கோப்புகள் எண் வரிசைப்படி படிக்கப்படும். என்விடியாவின் கோப்பு 10 என்று தொடங்கும், மீசாவின் (உள் கிராபிக்ஸுக்கான திறந்த மூல டிரைவர்) கோப்பு 50 என்று தொடங்கும். ஆகவே என்விடியா லைப்ரரிதான் முதலில் திறக்கும், கார்டும் எழும். '__இஜிஎல்_வெண்டர்_லைப்ரரி_ஃபைல்நேம்ஸ்' என்ற சூழல் மாறியில் மீசாவின் கோப்பை மட்டும் சுட்டினால் இது நிற்கும். வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தைப் பயன்படுத்தும் நிரல்களுக்கு 'விகே_டிரைவர்_ஃபைல்ஸ்' மாறியில் உள் கிராபிக்ஸின் ஐசிடி கோப்பை (டிரைவரைச் சுட்டும் கோப்பு)க் கொடுக்க வேண்டும். புதிய ஜிடிகே4 நிரல்கள் வல்கனைத் தேடுவதால் திறக்கும்போது ஒரு கணம் தயங்குவதும் இதனால்தான். முழு செஷனுக்கும் இந்த மாறிகளை வைத்தால், தனிக் கார்டில் ஓட வேண்டிய கேமுக்கு மட்டும் அவற்றை நீக்கிவிட்டு ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கேம் என்விடியாவைக் கண்டுபிடிக்காது.

தனிக் கார்டும் ஏஎம்டியாக இருந்தாலோ, என்விடியாவுக்கான திறந்த மூல நூவோ டிரைவர் ஓடினாலோ வேலை எளிது. /சிஸ்/கெர்னல்/டீபக்/விஜிஏஸ்விட்சரூ/ஸ்விட்ச் கோப்பை ரூட்டாகப் படியுங்கள். தனிக் கார்டின் வரியில் 'டைன்ஆஃப்' என்று இருந்தால் தூங்குகிறது. 'டைன்பவர்' என்றால் விழித்திருக்கிறது. எப்போதும் விழித்தே இருந்தால், யாரோ எப்போதோ ஏதோ ஒரு தொங்கலுக்குத் தீர்வாக பூட் வரியில் (பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுக்கும் விருப்பங்கள்) 'ஏஎம்டிஜிபியூ.ரன்பிஎம்=0' என்று சேர்த்து மறந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று: வெளி மானிட்டர் தனிக் கார்டின் போர்ட்டில் செருகியிருந்தால் கார்டு தூங்கவே தூங்காது. அது பிழை அல்ல.

அறிகுறி: தனிக் கார்டு டி3கோல்ட்டில் இருக்கிறது, இருந்தும் பேட்டரி நிற்கவில்லை

இப்போது கார்டை விட்டுவிட்டு மற்ற பக்கம் பாருங்கள். 'பவர்டாப்' கருவியில் 'ஐடில் ஸ்டாட்ஸ்' பகுதியைத் திறந்தால் இன்டெல் லேப்டாப்பில் பேக்கேஜ் அளவில் எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்று தெரியும். சி2, சி3 என்ற அளவிலேயே நின்று, சி8, சி10 பக்கம் போகவே இல்லையென்றால் ஏதோ ஒரு சாதனம் மொத்த சிப்பையும் பிடித்து இழுக்கிறது. பெரும்பாலும் எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, கார்டு ரீடர் போன்ற பிசிஐ சாதனங்கள். /சிஸ்/மாட்யூல்/பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்/பாராமீட்டர்ஸ்/பாலிசி கோப்பில் (பிசிஐ இணைப்புகளின் மின்சாரச் சேமிப்பு நிலை) எது அடைப்புக்குள் இருக்கிறது என்று பார்த்து, 'பவர்சேவ்' என்று தற்காலிகமாக எழுதி வாட்டை மறுபடி அளந்து பாருங்கள்.

மின்சாரத்தை நிர்வகிக்கும் கருவிகள் இரண்டு ஒரே நேரத்தில் ஓடுவதும் அடிக்கடி காணும் சிக்கல். டிஎல்பி ஒன்று எழுத, பவர்-புரொஃபைல்ஸ்-டீமன் வேறொன்று எழுத, எது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். என் தேர்வு: டெஸ்க்டாப் செட்டிங்கிலேயே பவர் புரொஃபைல் தெரிந்தால் அதுவே போதும், மேலே எதையும் போட வேண்டாம். நுணுக்கமாக ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்த விரும்புபவர்கள் டிஎல்பிக்குப் போகலாம்.

மின்சாரம் மிச்சமாகி, கூடவே திரை லேசாகத் துடித்தாலோ, அசைவு நின்ற இடத்தில் உறைந்தாலோ அது பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் (படம் மாறாதபோது திரையே பழைய படத்தைக் காட்டுவது) வசதியின் வேலை. இன்டெல்லில் 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0' என்று பூட் வரியில் சேர்த்தால் துடிப்பு நிற்கும்; சிறிது மின்சாரம் கூடும். புதிய கெர்னல் வந்ததும் அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

அறிகுறி: கேம் திணறுகிறது, தனிக் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது

தூங்க வைத்த கார்டை யாராவது கூப்பிட்டால்தான் எழும். என்விடியா டிரைவரில் கூப்பிடும் முறை இரண்டு சூழல் மாறிகள்: '__என்வி_பிரைம்_ரெண்டர்_ஆஃப்லோட்' என்பதை 1 என்றும், '__ஜிஎல்எக்ஸ்_வெண்டர்_லைப்ரரி_நேம்' என்பதை என்விடியா என்றும் வைப்பது. 2019-இல் வந்த 435 டிரைவரிலிருந்து இது உண்டு. பல டிஸ்ட்ரோக்களில் இவற்றைச் சுருட்டி 'பிரைம்-ரன்' என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் கொடுத்திருப்பார்கள். நிரலின் பெயருக்கு முன்னால் அதைப் போட்டால் போதும். மீசா டிரைவர்களுக்கு 'டிஆர்ஐ_பிரைம்=1'. ஸ்டீமில் ஒவ்வொரு கேமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸிலும் இதை எழுத வேண்டும். ஸ்டீமையே பிரைம்-ரன்னில் தொடங்காதீர்கள். கடைப் பக்கத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கார்டு விழித்திருக்கும்.

பலித்ததா என்று 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையை பிரைம்-ரன்னோடும் இல்லாமலும் ஓட்டி, 'ரெண்டரர்' வரியை ஒப்பிடுங்கள். இரண்டிலும் உள் கிராபிக்ஸின் பெயரே வந்தால் கூப்பிடுதல் போய்ச் சேரவில்லை. 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் நிலைமை வேறு: கிராபிக்ஸ் சிப்பே பயன்படவில்லை, பிராசசர்தான் படம் வரைகிறது. அப்போது பூட் வரியில் 'நோமோட்செட்' மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஸ்டால் செய்யும்போது சேர்த்ததை எடுக்க மறந்திருப்பார்கள். அது இருக்கும்வரை உள் கிராபிக்ஸின் டிரைவரும் எழாது.

பழைய கேம் மட்டும் ஓடவில்லையென்றால் 32 பிட் என்விடியா லைப்ரரி இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாட்பேக்கில் போட்ட நிரல் மட்டும் திணறினால் 'ஃபிளாட்பேக் அப்டேட்' ஓட்டுங்கள். ஃபிளாட்பேக்குக்குள் இருக்கும் என்விடியா லைப்ரரியின் பதிப்பு, கெர்னலில் ஓடும் டிரைவரின் பதிப்போடு அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். டிரைவர் மட்டும் புதிதானால் இந்த இடைவெளி வந்துவிடும்.

கார்டு வேலை செய்கிறது, ஆனால் விண்டோஸில் கிடைத்த வேகம் இல்லையென்றால் 'என்விடியா-பவர்டி' சேவையைத் தேடுங்கள். ஆர்டிஎக்ஸ் 30 முதலான லேப்டாப் கார்டுகளில் பிராசசருக்கும் கார்டுக்கும் இடையே வாட்டைப் பகிர்ந்து கொடுக்கும் டைனமிக் பூஸ்ட் வசதியை அதுதான் நடத்துகிறது. பேக்கேஜில் இருந்தும் பல இடங்களில் அது தொடங்கப்படாமலே கிடக்கும்.

அறிகுறி: டிரைவர் போட்டபின் கறுப்புத் திரை

கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு 3 என்று சேர்த்து, எஃப்10 அழுத்திப் பூட் செய்யுங்கள். கிராபிக்ஸ் இல்லாத டெர்மினல் வரும். அங்கிருந்து 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' ஓட்டினால் தோற்ற பூட்டின் கெர்னல் செய்திகள் கிடைக்கும். யூகிப்பதைவிட இதைப் படிப்பது பல மடங்கு வேகம்.

என்விடியா மாட்யூலே ஏறவில்லையென்றால் 'மோட்புரோப் என்விடியா' என்று கையால் ஏற்றிப் பாருங்கள். சாவியை ஏற்க மறுத்ததாகச் செய்தி வந்தால் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்காத பாதுகாப்பு) தடுக்கிறது. 'மோக்யூடில்' கருவியால் உங்கள் சாவியைப் பதிந்து, அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் விட்டால் பதிவு நடக்காது. மாட்யூலே இல்லை என்று வந்தால், மாட்யூலைக் கட்டும் கருவியின் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். ஓடும் கெர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் இல்லாததால் கட்டப்படாமல் நின்றிருக்கும்.

கார்டுக்கும் டிரைவருக்கும் பொருத்தம் இல்லாததும் இன்று அதிகம் காண்பது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை, என்விடியாவின் திறந்த மூல கெர்னல் மாட்யூலோடு மட்டுமே ஓடும். அந்தத் திறந்த மாட்யூல் டூரிங்குக்கு முந்தைய கார்டுகளில் ஓடாது. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா கார்டுகளுக்கு 580 தான் கடைசி டிரைவர் கிளை; அதற்கு மேல் அப்டேட் ஆனால் கார்டே தெரியாது. டிஸ்ட்ரோவின் 580 பேக்கேஜில் நிலைத்துக்கொள்ளுங்கள்.

மாட்யூல் ஏறியும் கறுப்பு என்றால் /இடிசி/எக்ஸ்11 ஃபோல்டரில் பழைய எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பு கிடக்கிறதா பாருங்கள். என்விடியா-எக்ஸ்கான்ஃபிக் எழுதிய கோப்பு, திரையே இணைக்கப்படாத தனிக் கார்டில் டெஸ்க்டாப்பை வரையச் சொல்லிக்கொண்டிருக்கும். பெயரை மாற்றி வைத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். இன்றைய எக்ஸ்ஆர்க்குக்கு இந்தக் கோப்பு பெரும்பாலும் தேவையில்லை.

அறிகுறி: வெளி மானிட்டர் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் இழுக்கிறது

எச்டிஎம்ஐ போர்ட் எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் ஃபோல்டரைப் பட்டியலிட்டால் கார்டு0, கார்டு1 என்ற பெயர்களோடு போர்ட் பெயரும் ஒட்டியிருக்கும். இடிபி என்பது லேப்டாப் திரை. எச்டிஎம்ஐ வேறொரு கார்டு எண்ணோடு இருந்தால் அது தனிக் கார்டில் இருக்கிறது. அப்படியானால் 'இன்டக்ரேட்டட்' நிலையில் வெளி மானிட்டர் ஒருபோதும் வராது. இரண்டு சிப்பும் ஓடும் ஹைப்ரிட் நிலைக்குத் திரும்ப வேண்டும். யூஎஸ்பி-சி போர்ட் உள் கிராபிக்ஸோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மானிட்டரை அதில் செருகி, தனிக் கார்டைத் தூங்கவே விடலாம்.

ஹைப்ரிட் நிலையிலும் வரவில்லையென்றால் /சிஸ்/மாட்யூல்/என்விடியா_டிஆர்எம்/பாராமீட்டர்ஸ்/மோட்செட் கோப்பில் 'ஒய்' இருக்க வேண்டும். இல்லையென்றால் 'என்விடியா-டிஆர்எம்.மோட்செட்=1' என்று பூட் வரியில் சேர்க்கவும்.

வேலண்டில் (எக்ஸ்ஆர்க்குக்குப் பதிலான புதிய திரை அமைப்பு) வெளி மானிட்டர் மட்டும் தடுமாறினால், உள் கிராபிக்ஸ் வரைந்த ஒவ்வொரு காட்சியும் தனிக் கார்டுக்கு நகலெடுக்கப்படுவதுதான் காரணம். நாள் முழுவதும் சார்ஜரிலும் மானிட்டரிலும் இருப்பவர்கள் தனிக் கார்டையே முதன்மையாக்கிக்கொள்ளலாம்: கேடிஈயில் 'கேவின்_டிஆர்எம்_டிவைசஸ்' மாறியில் அந்தக் கார்டை முதலில் எழுதுவது, க்னோமில் 'மட்டர்-டிவைஸ்-பிரிஃபர்ட்-பிரைமரி' என்ற குறியை யூடெவ் விதியால் ஒட்டுவது. பேட்டரியில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு இது வேண்டாம்.

அறிகுறி: மூடித் திறந்தால் எழவில்லை, அல்லது மூடி வைத்த பையிலேயே சூடாகிறது

எழுந்தபின் எழுத்துகள் சிதைந்து, ஜன்னல்கள் கறுப்புக் கட்டங்களாக நின்றால் வீடியோ நினைவகத்தில் இருந்தது தொலைந்திருக்கிறது. என்விடியா மாட்யூலுக்கு 'என்விரெக்_பிரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ்' விருப்பத்தை 1 ஆக்கி, கூடவே என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ஹைபர்னேட், என்விடியா-ரெஸ்யூம் என்ற மூன்று சிஸ்டம்டி சேவைகளையும் இயக்குங்கள். விருப்பத்தை மட்டும் வைத்து சேவைகளை விட்டுவிட்டால் தூங்கப் போகவே மறுக்கும். நினைவகம் தற்காலிகமாகச் சேமிக்கப்படும் இடம் இயல்பாக /டிஎம்பி. அது பல டிஸ்ட்ரோக்களில் ராமில் இருப்பதால், 'என்விரெக்_டெம்பரரிஃபைல்பாத்' விருப்பத்தில் /வார்/டிஎம்பி என்று டிஸ்க்கில் உள்ள இடத்தைக் காட்டிவிடுங்கள்.

மூடி வைத்தும் பேட்டரி காலியாகிறது என்றால் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பைப் படியுங்கள். அடைப்புக்குள் 'எஸ்2ஐடில்' (மேலோட்டமான தூக்கம்) இருந்து, பக்கத்தில் 'டீப்' (ஆழ்ந்த தூக்கம்) என்றும் இருந்தால் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' என்று பூட் வரியில் சேர்த்துச் சோதிக்கலாம். 'டீப்' பட்டியலிலேயே இல்லையென்றால் பயாஸ் அதைத் தரவில்லை; எஸ்2ஐடிலையே ஒழுங்காக ஓட வைக்க வேண்டும். அதற்கு என்விடியாவில் 'என்விரெக்_எனேபிள்எஸ்0ஐஎக்ஸ்பவர்மேனேஜ்மென்ட்' விருப்பத்தை 1 ஆக்குங்கள். இன்டெல் லேப்டாப்பில் /சிஸ்/கெர்னல்/டீபக்/பிஎம்சி_கோர் ஃபோல்டரின் 'எஸ்எல்பி_எஸ்0_ரெசிடென்சி_யூசெக்' எண்ணை மூடும் முன்னும் திறந்தபின்னும் படியுங்கள். எண் ஏறியிருந்தால் ஆழ்ந்து தூங்கியிருக்கிறது. அப்படியே நின்றிருந்தால் ஏதோ ஒரு சாதனம் தடுத்திருக்கிறது. யூஎஸ்பியில் செருகியவற்றை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி அளப்பதிலிருந்து தொடங்குங்கள்.

எழும்போது லேப்டாப் முழுவதுமாக உறைந்து, கெர்னல் பதிவில் 'எக்ஸ்ஐடி 79' என்றும் கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்றும் வந்தால், டி3கோல்ட்டுக்குப் போன கார்டு திரும்பி வரவில்லை என்று சந்தேகிக்கலாம். சூடும் மின்சாரக் குறைபாடும்கூட இதே செய்தியைக் கொடுக்கும் என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும். பூட் வரியில் 'பிசிஐஇ_போர்ட்_பிஎம்=ஆஃப்' என்று சேர்த்துச் சில நாள் ஓட்டுங்கள். உறைவது நின்றால் காரணம் தூக்கம்தான். அதோடு கார்டு டி3கோல்ட்டுக்குப் போவதும் நின்றிருக்கும், பேட்டரி குறையும். ஆகவே அதை நிரந்தரமாக வைக்காமல், முதலில் பயாஸ் அப்டேட், பிறகு புதிய கெர்னல் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அந்த வரியை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். தூக்கம் காரணமில்லை, கேம் ஓடும்போதே விழுகிறது என்றால் மென்பொருளை விட்டுவிட்டு ஃபேனையும் சார்ஜரையும் பாருங்கள்.